முதல் கில்ட் தைக்கப்போறேன்: எந்த டார்டன், எவ்வளவு கனத்துல துணி?

கிளாஸ்கோ_மதுரைக்காரன்

எல்லாருக்கும் வணக்கம். கிளாஸ்கோ வந்து ஒம்பது வருஷமாச்சு. இதுவரைக்கும் மூணு கல்யாணத்துக்கு வாடகைக்கு கில்ட் (இங்க ஆம்பளைங்க கட்டுற கொசுவம் வச்ச பாவாடை) எடுத்து கட்டியிருக்கேன், மூணு தடவையும் கடைக்காரர் கையில சிக்கின டார்டன் (கில்ட்டுக்கான கட்டம் போட்ட துணி), வேற யார் இடுப்புக்கோ தச்சது, பின்னாடி கொசுவம் ஒரு பக்கமா இழுத்துக்கிட்டே இருக்கும். வர்ற மே மாசம் கூட வேலை பாக்கிற நண்பனுக்கு ஸ்டர்லிங் பக்கத்துல கல்யாணம், மாப்பிள்ளைத் தோழர்கள்ல நானும் ஒருத்தன். இந்த தடவை சொந்தமா ஒண்ணு தச்சுக்கணும்னு முடிவு பண்ணிட்டேன், பொண்டாட்டியும் சரின்னுட்டா.

இப்ப குழப்பம் என்னன்னா, எனக்கு கிளான், அதாவது ஸ்காட்லாந்துக்காரங்களோட குலம், கிடையாது. நண்பன் குடும்பம் மக்கென்சி, அவன் "நீ எங்க டார்டன்லயே எடுத்துக்கோ"ங்கிறான். அது மரியாதையா இருக்குமா, இல்ல உரிமை இல்லாத இடத்துல போய் நிக்கிற மாதிரி ஆகுமான்னு தெரியல. இன்னொரு பக்கம் கடையில போய் கேட்டா 13 அவுன்ஸ், 16 அவுன்ஸ், பிவி, அஞ்சு கெஜம், எட்டு கெஜம்னு அடுக்குறாங்க, தலை சுத்துது. 550 பவுண்டு வரைக்கும் ஒதுக்கி வச்சிருக்கேன். கட்டின அனுபவம் இருக்கிறவங்க கொஞ்சம் வழி சொல்லுங்க.

அபர்டீன்_அக்கா

தம்பி முதல்ல ஒரு விஷயம், மே மாச கல்யாணத்துக்கு இப்பவே ஆர்டர் போடணும். அளவெடுத்து கையால தைக்கிற இடத்துல எங்க வீட்டுக்காரருக்கு பத்து வாரம் ஆச்சு. கோடை வந்தா கல்யாண சீசன், இன்னும் இழுக்கும்.

உரிமை பத்தி கவலையே படாதீங்க. யாரு எந்த டார்டன் கட்டணும்னு சட்டம் எதுவும் கிடையாது, மரியாதை வழக்கம் மட்டும்தான். ராஜ குடும்பத்தோட பால்மோரல் டார்டன் மட்டும் வேற கதை, அது விக்டோரியா ராணியோட புருஷன் ஆல்பர்ட் 1853-ல வடிவமைச்சது, ராஜா அனுமதி இல்லாம யாரும் கட்டுறது வழக்கம் இல்ல. சில கம்பெனி, பள்ளிக்கூட டார்டன்களும் அவங்களுக்குன்னே இருக்கும். எடின்பரோவுல தேசிய ஆவணக் காப்பகம் ஸ்காட்டிஷ் டார்டன் பதிவேடுன்னு ஒண்ணு நடத்துறாங்க, 2008-ல சட்டம் போட்டு 2009-ல ஆரம்பிச்சது, இணையத்துல காசில்லாம தேடிப் பாக்கலாம். ஒவ்வொரு டார்டனுக்கும் யாரு வடிவமைச்சது, கட்டுப்பாடு ஏதாவது இருக்கான்னு போட்டிருக்கும். மனசுல ஒண்ணு பிடிச்சதும் அங்க ஒரு தடவை தட்டிப் பாத்துடுங்க.

ஃபைஃப்_பைப்பர்

துணி 16 அவுன்ஸ் கம்பளி, எட்டு கெஜம். வேற எதையும் யோசிக்காதீங்க ப்ரோ. நான் பைப் பேண்ட்ல (பேக்பைப் வாத்தியக் குழு) ஆறு வருஷமா வாசிக்கிறேன், மழையிலயும் காத்துலயும் நின்னு வாசிச்சிருக்கேன், கனமான துணி இருந்தாத்தான் கொசுவம் கத்தி மாதிரி மடிஞ்சு நிக்கும், நடக்கும்போது பின்னாடி ஆடுற ஆட்டமே தனி. லேசான துணியை ஒரு காத்து அடிச்சா புடிச்சுக்கிட்டு நிக்கணும். பழைய ராணுவ கில்ட் எல்லாம் 20 அவுன்ஸுக்கு மேல கூட இருக்கும், அதோட ஒப்பிட்டா 16 ஒண்ணும் பெருசில்ல.

எடின்பரோ_யாழ்

பைப்பர் தம்பி சொல்றது பேண்டுக்கு சரி, ஆனா கலியாண மண்டபத்துக்குள்ள கெய்லி எண்ட ஸ்காட்லாந்துக் கூட்ட ஆட்டம் ஆடேக்க 16 அவுன்ஸ் எண்டா வேர்த்து ஒழுகும். நான் 13 அவுன்ஸ்தான் வச்சிருக்கிறன், பதினொரு வருஷமா கட்டுறன், மடிப்பு அப்பிடியே நிக்குது. "ஸ்ட்ரிப் த வில்லோ" ஆடினவைக்கு நான் சொல்றது விளங்கும்.

டார்டன் பற்றி ஒண்டு சொல்லோணும். கன பேர் நினைக்கிறது, ஒவ்வொரு கிளானுக்கும் ஆதியில இருந்தே ஒரு கட்டம் இருந்தது, அதை மற்றவை தொடக்கூடாது எண்டு. அப்பிடி இல்லை. கட்டம் போட்ட துணி பழசுதான், ஃபோல்கேர்க்கில ரோமன் காசுப் பானையோட கிடைச்ச துண்டு மூண்டாம் நூற்றாண்டு, க்ளென் அஃப்ரிக் சதுப்பில கிடைச்ச துண்டை 1500க்கும் 1600க்கும் இடையில எண்டு கணிச்சிருக்கினம், 2023-ல டண்டீ மியூசியத்தில வச்சிருந்தவை, நான் நேர போய்ப் பார்த்தனான், அரை மீற்றருக்குக் கொஞ்சம் கூட நீளம், சேத்து நிறத்துக்குள்ள பச்சை மங்கலாத் தெரியும், கண்ணாடிக்கு முன்னால கனநேரம் நிண்டனான். ஆனா "இந்தக் கட்டம் இந்தக் கிளானுக்கு" எண்டது பிறகு வந்த விஷயம். கலோடன் சண்டைத் தோல்விக்குப் பிறகு 1746-ல ஹைலேண்ட் எண்ட வடக்கு மலைநாட்டு உடுப்பையே தடை செய்தாங்கள், 1782-லதான் எடுத்தாங்கள். பிறகு பானக்பர்ன்ல வில்சன் எண்ட நெசவுக் குடும்பம் 1819-ல மாதிரிப் புத்தகம் வச்சிருந்தவை, அதில கன கட்டங்களுக்கு முதல்ல வெறும் நம்பர்தான், பேர் பிறகு ஏறினது. 1822-ல நாலாம் ஜோர்ஜ் ராசா எடின்பரோ வரேக்க எல்லாரும் தங்கட கிளான் டார்டனோட வரோணும் எண்டு ஒரு அலை, அதுக்குப் பிறகு ஒவ்வொருத்தரும் தேடித் தேடி எடுத்ததுதான் இப்ப இருக்கிற கன டார்டன். 1842-ல வந்த ஒரு புத்தகம் பழைய ஏட்டில இருந்து எடுத்தது எண்டு சொன்னது, பிறகு பார்த்தா ஏடே பொய். ஆனா அதில இருந்த கட்டங்களை இண்டைக்கும் கிளான் ஆக்கள் பெருமையாக் கட்டுகினம், இருநூறு வருஷம் கட்டினா அது அவையின்ர தானே.

அதால தம்பி, கிளான் இல்லை எண்டு தயங்காதேங்கோ. ஆனா ஒருத்தர் "ஏன் இந்த டார்டன்?" எண்டு கேட்டா ஒரு வசனத்தில பதில் சொல்லத் தெரிஞ்சிருக்கோணும். கலியாணத்தில கட்டாயம் கேப்பினம், ரெண்டாவது கேள்வியே அதுதான்.

கரூர்_தறி

வணக்கங்க. எங்க குடும்பம் தறிக் குடும்பம், நான் இப்ப கேலஷீல்ஸ்ல டெக்ஸ்டைல் படிச்சு முடிச்சு இங்கேயே வேலை பாக்குறேன். துணி பக்கத்தை மட்டும் சொல்றேனுங்க.

அவுன்ஸ்ங்கிறது ஒரு கெஜம் துணியோட எடை, அதுவும் ரெட்டை அகலத்துல, அதாவது அம்பத்து நாலு இன்ச்சுக்கு மேல அகலம் இருக்கிற துணியில. 16 அவுன்ஸ்னா கெஜத்துக்கு சுமாரா 450 கிராம். எட்டு கெஜ கில்ட்டுக்கு ரெட்டை அகலத்துல நாலு கெஜம் எடுத்து, நடுவுல நீளவாக்குல ரெண்டா கிழிச்சு, ரெண்டு துண்டையும் கொசுவத்துக்குள்ள மறையிற மாதிரி இணைச்சுடுவாங்க. அப்ப துணி மட்டுமே ஒண்ணே முக்கால் கிலோ பக்கம் வருதுங்க. 13 அவுன்ஸ்னா ஒண்ணரைக்கும் கீழ. கால் கிலோவுக்கு மேல வித்தியாசம், இடுப்புல அஞ்சு மணி நேரம் இருந்தா தெரியும்.

கில்ட்டோட கீழ் ஓரத்தை பாத்தீங்கன்னா மடிச்சு தச்சிருக்க மாட்டாங்க, துணியோட கரையே அதுதான். அதனால கரை நல்லா சுத்தமா நெசஞ்சிருக்கணும். கடைக்கு போனா முதல்ல கரையை விரல்ல ஓட்டிப் பாருங்க, தடிச்சு சுருண்டு இருந்தா கில்ட்டுக்குன்னு நெய்யாத துணி. அப்புறம் பின்பக்கம் திருப்பிப் பாருங்க, டார்டன் சாய்வரி நெசவு, ரெண்டு இழைக்கு மேல ரெண்டு இழைக்கு கீழ, ரெண்டு பக்கமும் ஒரே கட்டம் தெரியணும். ஒரு பக்கம் மட்டும் பளிச்சுன்னு இருந்து மறுபக்கம் வெளிறிக் கிடந்தா அது அச்சு அடிச்ச துணிங்க, நெசவு இல்ல.

பிவிங்கிறது பாலியஸ்டர் விஸ்கோஸ் கலவை. அதை குறை சொல்ல மாட்டேன், யார்க்‌ஷயர்ல மார்ட்டன் மில்ஸ்ல நல்லாவே நெய்யுறாங்க, வீட்லயே துவைக்கலாம், கம்பளி ஒத்துக்காத ஆளுங்களுக்கு அதுதான் சரி. ஆனா தொட்டா தெரியும், கம்பளிக்கு இருக்கிற உள் சூடும் மடிப்போட உயிரும் அதுல வராது. அக்ரிலிக் மட்டும் வேண்டாமுங்க.

அபர்டீன்_அக்கா

அக்ரிலிக் பத்தி கரூர் தம்பி சொன்னதை நான் அனுபவிச்சே தெரிஞ்சுக்கிட்டேன். எங்க பையனுக்கு பள்ளிக்கூட பர்ன்ஸ் நைட்டுக்கு (கவிஞர் பர்ன்ஸ் பேர்ல நடக்கிற விழா) இணையத்துல 35 பவுண்டுக்கு ஒண்ணு வாங்கினேன், படத்துல அவ்வளவு அழகு. வந்து பாத்தா உள்ள மடிப்பைத் தாங்குற கேன்வாஸ் துணி கிடையாது, கொசுவம் மேல மட்டும் ரெண்டு இன்ச் தச்சு விட்டுட்டாங்க, ஒரு தடவை உக்காந்து எழுந்ததும் பின்பக்கம் விசிறி மாதிரி விரிஞ்சு போச்சு, பையன் அழுதுட்டான். சிரிக்கிற விஷயமில்ல, பன்னெண்டு வயசுல எல்லார் முன்னாடியும் அது பெரிய வலி. காசு கம்மின்னா அக்ரிலிக் வாங்குறதை விட நல்ல கம்பளி கில்ட்டை பழசா வாங்குங்க. சேரிட்டி கடைகள்ல சில நேரம் தங்கமா கிடைக்கும்.

கிளாஸ்கோ_மதுரைக்காரன்

எல்லாருக்கும் ரொம்ப நன்றி, யாழ் அண்ணா சொன்ன "ஒரு வசனத்துல பதில்" மனசுல நின்னுருச்சு. இப்போதைக்கு பட்டியல்ல மூணு வச்சிருக்கேன்: நண்பனோட மக்கென்சி, யாரும் கட்டலாம்னு சொல்ற பிளாக் வாட்ச், அப்புறம் ஐல் ஆஃப் ஸ்கை (ஸ்கை தீவோட டார்டன்). மக்கென்சிக்கும் பிளாக் வாட்சுக்கும் பாத்தா வித்தியாசமே பெருசா தெரியல, ரெண்டும் கருநீலம் கரும்பச்சை. அப்புறம் மாடர்ன், ஆன்ஷன்ட், வெதர்ட்னு ஒரே பேருக்கு மூணு நாலு துணி காட்டுறாங்களே, அது என்ன கணக்கு?

ஃபைஃப்_பைப்பர்

அது சரியாத்தான் கவனிச்சிருக்கீங்க. ராணுவத்துக்குன்னு இருந்த கட்டம்தான் பிளாக் வாட்ச், நீலம் கருப்பு பச்சை. அது மேல ஒரு மஞ்சக் கோடு ஓடினா கோர்டன், வெள்ளையும் சிவப்பும் ஓடினா மக்கென்சி. அடித்தளம் ஒண்ணுதான்.

மாடர்ன், ஆன்ஷன்ட் எல்லாம் கட்டத்தோட வயசு இல்ல, சாயத்தோட ஷேடு. மாடர்ன்னா கெமிக்கல் சாயம் வந்த பிறகு வந்த அடர்த்தி, பாட்டில் பச்சை, நேவி நீலம். ஆன்ஷன்ட்னா பழைய செடிச் சாயம் மாதிரி வெளிர், பச்சை புல்லு மாதிரி, நீலம் வானம் மாதிரி, சிவப்பு ஆரஞ்சு பக்கம் போயிடும். வெதர்ட்னா மண்ணுல கிடந்து வெயில் மழை பட்ட மாதிரி பழுப்பு, சாம்பல். மியூட்டட்னு ஒண்ணு இருக்கு, அது நடுவுல. பேருக்கு பின்னாடி ஹண்டிங்னு இருந்தா பச்சை பழுப்பு சார்ந்தது, டிரெஸ்னு இருந்தா வெள்ளை தூக்கலா இருக்கும், டான்ஸ் ஆடுறவங்க விரும்பிக் கட்டுவாங்க.

என் ஓட்டு பிளாக் வாட்ச். எங்க பேண்டே அதுதான். எந்த ஜாக்கெட்டுக்கும் பொருந்தும், யாரும் கேள்வி கேக்க மாட்டாங்க.

புள்ளலூரான்

டண்டீல இருந்து எழுதுறேன். சொந்த ஊர் காஞ்சிபுரம் பக்கம், என் பேரைப் பாத்தாலே தெரியும். யாரும் கேள்வி கேக்க மாட்டாங்கன்னு பைப்பர் சொன்னதால இதை எழுதுறேன், சண்டைக்கு இல்ல.

1780 செப்டம்பர் 10-ந் தேதி எங்க ஊர்லதான் ஹைதர் அலி, திப்பு படைங்க கர்னல் பெய்லியோட கிழக்கிந்தியக் கம்பெனிப் படையை வளைச்சு அழிச்சது. அந்த பெய்லி படையில 73-வது ஹைலேண்ட் ரெஜிமென்ட் ஆளுங்க ரெண்டு படைப்பிரிவு இருந்தாங்க. அந்த ரெஜிமென்ட்டை இங்க திரட்டினவர் ஜான் மக்கென்சி, மக்லியோட் பிரபு. ஹைலேண்ட் ரெஜிமென்ட்டுங்க நம்ம ஊருக்கு வந்தது விருந்துக்கு இல்ல. பிளாக் வாட்ச் ரெஜிமென்ட்டே முதல்ல ஹைலேண்டர்களை அடக்கிக் காவல் காக்கத்தான் 1725-ல அமைச்ச படைப்பிரிவுகள்ல இருந்து வந்தது. உடுப்பு தடையா இருந்த காலத்துல படையில சேந்தவன் மட்டும்தான் அதை கட்ட முடியும், வயித்துக்காகவும் அந்த உடுப்புக்காகவும் சேந்து, நம்ம ஊர் வயல்ல செத்த பசங்களும் அதுல உண்டு. அதனால எனக்கு கோபம் எல்லாம் இல்ல, வருத்தம்தான். ராணுவக் கட்டத்தை ஒரு தமிழன் இடுப்புல கட்டக்கூடாதுன்னு நான் சொல்லல. ஆனா தெரியாம கட்டக்கூடாது. நான் டண்டீ வந்த பிறகு எத்தனையோ தடவை கட்டச் சொல்லிக் கேட்டாங்க, பிளாக் வாட்ச் மட்டும் என்னால முடியல.

ஃபைஃப்_பைப்பர்

இது எனக்கு தெரியாது அண்ணா, உண்மையாவே தெரியாது. நான் பொறந்தது இங்கதான், எனக்கு அந்த கட்டம்னா ஞாயித்துக்கிழமை காலையில பேண்ட் ஹால் வாசனை, என் மாஸ்டர் கையைப் பிடிச்சு விரல் வச்சு சொல்லிக்கொடுத்தது. அதை நான் விட மாட்டேன். ஆனா நீங்க எழுதினதை எங்க பேண்ட்ல சொல்லப்போறேன்.

எடின்பரோ_யாழ்

புள்ளலூரார் சொன்னது முக்கியமான விஷயம். மற்றப் பக்கத்தையும் வைக்கிறன். காலின் மக்கென்சியும் அந்த மக்கென்சிதானே. லூயிஸ் தீவு ஸ்டோர்னவேல பிறந்து 1783-ல மெட்ராஸ் போனவர், பிறகு இந்தியாவின்ர முதல் சர்வேயர் ஜெனரல் (நில அளவைத் தலைவர்). மெக்கன்சி சுவடிகள் எண்டு எங்கட ஆக்கள் இண்டைக்கும் ஆராய்ச்சி செய்யிறது அவர் சேர்த்தது, ஊர் ஊரா கல்வெட்டுப் படி, ஏடு, கதை எல்லாம், சென்னைக் கீழ்த்திசைச் சுவடி நூலகத்தில ஒரு பங்கு இருக்குது. 1816-ல ஹிக்கி எண்ட ஓவியர் வரைஞ்ச படத்தில அவரோட வேலை செய்த எங்கட பக்கத்து அறிஞர்களும் கூட நிக்கினம். அவரும் கம்பெனிப் படை ஆள்தான், ரெண்டும் ஒரே ஆளுக்குள்ள இருந்தது. ஒரு பேருக்குள்ள நல்லது கெட்டது எல்லாம் கிடக்கும், அதை வச்சு மட்டும் துணி எடுக்க ஏலாது.

புள்ளலூரான்

ஒத்துக்கிறேன் அண்ணா. சுவடிகள் பத்தி நீங்க சொன்னது நூத்துக்கு நூறு உண்மை. நான் கேக்குறதெல்லாம் மதுரைக்காரர் நண்பன் சொன்னதுக்காக மட்டும் எடுக்காம, தனக்குன்னு ஒரு காரணத்தோட எடுக்கணும்ங்கிறதுதான். கிளான் இல்லாதவங்களுக்கு ஊர் டார்டன்கள் இருக்கு. நீங்க வாழுற ஊரை யாரும் உங்ககிட்ட இருந்து பிடுங்க முடியாது.

அபர்டீன்_அக்கா

அது ரொம்ப சரி. கிளாஸ்கோ, எடின்பரோ, அபர்டீன் எல்லாத்துக்கும் டார்டன் இருக்கு. சீக்கிய குடும்பங்களுக்குன்னு சிங் டார்டன் கூட இருக்கு. நிலாவுக்கே டார்டன் போயிருக்கு, அப்பல்லோ 12-ல ஆலன் பீன் தன் மக்பீன் டார்டன் துண்டை எடுத்துட்டுப் போனார். எங்க வீட்டுக்காரர் கட்டுறது அபர்டீன், ரெண்டு பிள்ளைங்களும் இந்த ஊர்லதான் பொறந்தாங்க, கேக்குறவங்களுக்கு அதைச் சொன்னாலே போதும், அடுத்த நிமிஷம் அவங்க தங்களோட பாட்டி ஊரைச் சொல்ல ஆரம்பிச்சுடுவாங்க.

கரூர்_தறி

ஊரோ கிளானோ எதுவா இருந்தாலும், திரையில பாத்து முடிவு பண்ணாதீங்க. மில்லுக்கோ கடைக்கோ எழுதி மாதிரித் துண்டு கேளுங்க, கொடுப்பாங்க. ஆனா உள்ளங்கை அளவு துண்டு பத்தாதுங்க. டார்டனோட ஒரு முழு கட்டம் திரும்ப வர்றதுக்கு அஞ்சாறு இன்ச், சிலதுக்கு அதுக்கும் மேல ஆகும். சின்னத் துண்டுல அந்த கட்டத்தோட ஒரு மூலைதான் உங்க கையில இருக்கும், மஞ்சக் கோடு வேற பக்கமா ஓடியிருக்கும், உங்களுக்கு தெரியவே தெரியாது. ஒரு முழு ரிப்பீட் வர்ற அளவுக்கு கேட்டு வாங்குங்க.

வந்ததும் ஜன்னல் பக்கம், பகல் வெளிச்சத்துல, மேகம் போட்ட நாள்ல வச்சுப் பாருங்க, இங்க பெரும்பாலும் அந்த வெளிச்சத்துலதான் கட்டப்போறீங்க. பக்கத்துல பாத்தா இழை தெரியும், பத்தடி தள்ளிப் பாத்தா பாவும் ஊடையும் கலந்து மூணாவதா ஒரு நிறம் வரும். நீல இழையும் மஞ்ச இழையும் குறுக்க போற இடம் தூரத்துல பச்சையாத்தான் தெரியும். கல்யாண போட்டோவுல வர்றது அந்த தூரத்து நிறம்தானுங்க.

இன்னொண்ணு, கொசுவத்தை எப்படி மடிக்கணும்னு தையல்காரர் கேப்பாங்க. ரெண்டு வழி. கட்டத்துக்கு மடிச்சா, இருபத்தஞ்சு முப்பது மடிப்பையும் அடுக்கி பின்பக்கமும் முன்பக்கம் மாதிரியே முழு டார்டன் தெரியும். கோட்டுக்கு மடிச்சா ஒவ்வொரு மடிப்பு நடுவுலயும் ஒரே கோடு வந்து நிக்கும், பட்டாளத்துக்காரங்க வழக்கம் அது, நடக்கும்போது மடிப்பு திறந்து உள்ள இருக்கிற நிறம் மின்னி மறையும். நம்ம பாட்டிங்க பின்கொசுவம் வச்சு கட்டும்போது கரை வரிசையா வர்ற மாதிரி எண்ணி எண்ணி மடிப்பாங்களே, அதே கணக்குதான், இங்க ஊசி நூல் வச்சு நிரந்தரமா பண்றாங்க. எங்க ஆத்தா இதை பாத்திருந்தா ஒரு மணி நேரத்துல பிடிச்சிருப்பாங்க.

எடின்பரோ_யாழ்

அளவு குடுக்கேக்க கவனம். ஜீன்ஸ் இடுப்பு அளவைக் குடுத்திடாதேங்கோ. கில்ட் தொப்புள் மட்டத்தில நிக்கிற உடுப்பு. எனக்கு முதல் கில்ட்டில அந்தப் பிழைதான் நடந்தது, கடையில இருந்த பெடியன் காற்சட்டை சைஸ் கேட்டான், நானும் சொல்லிப்போட்டன், வந்த கில்ட் இடுப்பில நிக்காமல் வழுக்கிக்கொண்டு முழங்காலை மூடிச்சுது, திருப்பித் தைக்க ஒரு கோடை முழுக்கப் போட்டுது. துணி நாடா வச்சு வேற ஒருத்தர் அளக்கோணும், தொப்புள் மட்டத்தில ஒண்டு, பின்பக்கம் அகலமான இடத்தில ஒண்டு, இடுப்பில இருந்து முழங்கால் சில்லு நடுவரைக்கும் நீளம். முழந்தாளில நிண்டா ஓரம் நிலத்துக்கு ஒரு இஞ்சி மேல நிக்கோணும்.

கிளாஸ்கோ_மதுரைக்காரன்

மூணு வாரம் கழிச்சு வர்றேன், மன்னிச்சுக்கோங்க. நடந்ததை சொல்றேன்.

மாதிரித் துண்டு வரவழைச்சேன், கரூர் சார் சொன்ன மாதிரி முழு ரிப்பீட் கேட்டு. ஒரு சனிக்கிழமை காலையில சமையல்கட்டு ஜன்னல் பக்கம் மேஜை மேல வரிசையா போட்டேன். மக்கென்சி மாடர்ன் ரொம்ப கம்பீரம், அந்த வெள்ளைக் கோடு மட்டும் கருநீலத்துல சுண்ணாம்புல போட்ட மாதிரி நிக்குது. ஐல் ஆஃப் ஸ்கையை பக்கத்துல பாத்தப்ப எனக்கு பிடிக்கல, ஊதா, பச்சை, சாம்பல் எல்லாம் ஒண்ணோட ஒண்ணு கரைஞ்சு போற மாதிரி மங்கலா இருந்துச்சு. அப்புறம் அதை சோபா மேல போட்டுட்டு வாசல் வரைக்கும் போய் திரும்பிப் பாத்தேன். ஹெதர்ங்கிற ஊதாப் பூ பூத்த மலை மேல மூடுபனி இறங்கி நிக்குமே, அப்படியே அது.

2019 ஆகஸ்ட்ல அப்பா மதுரையில இருந்து வந்திருந்தார். ஸ்கை தீவுக்கு கூட்டிட்டுப் போனேன், ஸ்லிகஹன் பாலத்துக்கிட்ட காரை நிறுத்தினதும் இறங்கி நடக்க ஆரம்பிச்சுட்டார், முட்டி வலியோட, வேட்டியை மடிச்சுக் கட்டிக்கிட்டு, மலையைப் பாத்து ஒரு வார்த்தை பேசல. திரும்பி வந்து "இந்த கலர் நம்ம ஊர்ல கிடையாதுடா"ன்னார். அடுத்த வருஷம் அவர் இல்ல. இதை நான் முதல் பதிவுல எழுதல, எழுதணும்னு தோணவும் இல்ல, வாசல்ல நின்னு அந்த துணியைப் பாத்த பிறகுதான் ஞாபகமே வந்துச்சு.

நண்பன்கிட்ட பேசினேன். மக்கென்சி எடுக்கலன்னா தப்பா நினைப்பியான்னு கேட்டேன். அப்பா கதையை சொன்னதும் "அதையே கட்டிட்டு வா, எங்க அம்மாகிட்ட இதை நீயே சொல்லணும்"னான். காலின் மக்கென்சி பத்தியும் சொன்னேன், புள்ளலூர் பத்தியும் சொன்னேன். அவனுக்கு ரெண்டுமே தெரியாது, ரொம்ப நேரம் கேட்டுட்டிருந்தான்.

பதிவேட்டுல தேடினேன், 1990-கள்ல வடிவமைச்ச டார்டன், யாரும் கட்டலாம். கம்பளி, எட்டு கெஜம், கட்டத்துக்கு மடிக்கிறது. கனம் மட்டும் இன்னும் முடிவாகல, பைப்பர் தம்பியும் யாழ் அண்ணாவும் சேந்து ஒரு பதில் சொன்னா திங்கக்கிழமை ஆர்டர் கொடுத்துடுவேன்.

ஃபைஃப்_பைப்பர்

ப்ரோ, உங்களுக்கு 13 போதும். நீங்க மழையில நின்னு வாசிக்கப் போறதில்ல, ஆடப்போறீங்க. யாழ் அண்ணா ஜெயிச்சுட்டார்.

எடின்பரோ_யாழ்

நான் 16 எண்டு சொல்ல வந்தனான்! மே மாசம் ஸ்டர்லிங்கில பின்னேரம் நல்ல குளிர் இருக்கும், ஒரே ஒரு கில்ட்தான் வாழ்நாளுக்கும் எண்டா கனமானது கனகாலம் நிக்கும். ஆனா நீங்கள் ஆடுற ஆள் எண்டா 13. ஆடாம ஒரு ஓரத்தில நிக்கிற ஆள் எண்டா 16. நீங்களே சொல்லுங்கோ.

கிளாஸ்கோ_மதுரைக்காரன்

ஆடுவேன் அண்ணா. 13 எழுதிட்டேன்.

புள்ளலூரான்

நல்ல முடிவு. அந்த ஸ்லிகஹன் பாலம் எனக்கும் தெரியும். ஜாக்கெட்டுக்கு பளபள கருப்பு வேண்டாம், சாம்பல் இல்லன்னா கரும்பச்சையில ட்வீட் (சொரசொரப்பான கம்பளித் துணி) பாருங்க, அந்த மங்கல் நிறத்துக்கு அதுதான் உக்காரும். ஹேரிஸ் ட்வீட் கிடைச்சா இன்னும் நல்லது, அது வெளி ஹெப்ரிடீஸ் தீவுக்காரங்க அவங்கவங்க வீட்லயே நெய்யணும்னு 1993-ல சட்டமே இருக்கு. கில்ட் பின் குத்தும்போது முன்பக்கம் ஒண்ணு மேல ஒண்ணா வர்ற ரெண்டு மடிப்புல மேல் மடிப்புல மட்டும் குத்துங்க, ரெண்டையும் சேத்துக் குத்தினா உக்காரும்போது துணி கிழிஞ்சுடும்.

கிளாஸ்கோ_மதுரைக்காரன்

ஏப்ரல் கடைசி. கில்ட் வந்துருச்சு. பெட்டியை திறந்ததும் கம்பளி வாசனை வீடு முழுக்க. எங்க பொண்ணு கரையை விரல்ல ஓட்டிப் பாத்தா, கரூர் சார் எழுதினதை நான் அவளுக்கு சத்தமா படிச்சுக் காட்டியிருந்தேன். ஆனா ஒரு சந்தேகம், கொசுவம் முழுக்க குறுக்க வெள்ளை நூல்ல பெரிய பெரிய தையலா ஓடுது, ரெண்டு வரிசை. இது தப்பா தச்சதா, அப்படியே கட்டணுமா?

கரூர்_தறி

தப்பில்லீங்க, அது ஓட்டுத்தையல். வழியில மடிப்பு கலையாம இருக்க தையல்காரர் போட்டு அனுப்புறது. கல்யாணத்துக்கு முந்தின ராத்திரி வரைக்கும் பிரிக்காதீங்க. சின்ன கத்திரியால ஒவ்வொரு மூணாவது தையலையும் வெட்டி மெதுவா உருவுங்க, ஒரே இழுப்பா இழுத்தீங்கன்னா கம்பளி இழையும் கூட வரும். கல்யாணம் முடிஞ்சு வந்ததும் ஒரு நாள் காத்தாட தொங்கவிட்டு, பிரஷ் பண்ணி, அந்துப்பூச்சி வராம தேவதாரு கட்டை போட்டு வைங்க. அந்துருண்டை வேண்டாம், வாசனை போகாது.

கிளாஸ்கோ_மதுரைக்காரன்

சரிங்க சார். கத்திரியை பொண்ணுகிட்ட கொடுக்கப்போறேன், அவ கை என் கையை விட நிதானம்.